என் பெயரில் ஆடுகிறவன்

ஜெர்மனியில் நான் இருக்கும் சின்ன ஊரில், ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆடுவதற்கும் விண்ணப்பம் நிரப்ப வேண்டும். எட்டு மாதமாகப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதற்கு யாரும் எதுவும் கேட்கவில்லை. லீக் ஆட்டம் என்றதும், எங்கள் ஃபெரைனின் செயலாளர் யூர்கன் ஒரு தாளை நீட்டினார். ஃபெரைன் என்றால் கிளப். யூர்கன் ஓய்வு பெற்ற தபால்காரர், எதையும் இரண்டு முறை படிப்பவர். தாளில் ஒரு கேள்வி: வேறு நாட்டுக் கிளப்பில் பதிவு செய்து ஆடியதுண்டா? பெருமை யாரை விட்டது! 'ஆம்' என்று டிக் அடித்து, 'ஒன்பது வருஷம்' என்று ஓரத்தில் எழுதி வேறு வைத்தேன். "அப்படியானால் அவர்கள் உன்னை விடுவித்ததாகக் கடிதம் வேண்டும். அதுவரை ஆட முடியாது," என்றார். போச்சுடா! அலுவலகம் விட்டால் அறை, அறை விட்டால் அலுவலகம் என்று கிடந்தவனை அந்த ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் பயிற்சிக்கு வரும் பதினைந்து பேர்தான். அதையும் நானே கெடுத்துக்கொண்டேன்.

எங்கள் தாம்பரம் பக்கத்து லீக்கில் விடுவிப்பது என்ற பேச்சே கிடையாது. சீசன் தொடங்கும்போது சேலையூரில் ஏகாம்பரம் அண்ணனின் ஹார்டுவேர் கடைக்குப் போய், பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே நின்று பட்டியலில் கையெழுத்துப் போடுவோம். அவர்தான் எங்கள் கிளப்பின் மேனேஜர், புரவலர், எலுமிச்சம்பழம் வாங்கி வருகிறவர், எல்லாம். அப்பா காலத்து நிலம் மனையாகிப்போன பிறகு அவருக்குக் கிளப்தான் விவசாயம். ஒருமுறை எழுதிய பெயரை அவர் அடித்ததில்லை. நான் கடிதம் கேட்டு வாட்ஸ்அப்பில் நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் கட்டைவிரல் படம்தான் வந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன்.

அந்த ஞாயிறு முடிச்சூர்ப் பக்கத்து மைதானத்தில் ஆட்டம். கோட்டருகே போய் நின்றதும் யாரோ கத்தினார்கள்: "பாஸ்கர், ஏறுடா! ஏறு!" என் பெயர்தான் பாஸ்கர். கால் தானாக ஓரடி எடுத்து வைத்தது. ஆனால் என் பத்தாம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடியவன் வேறு ஒருவன். என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாருண்ணே அது?" என்று ஏகாம்பரம் அண்ணனைக் கேட்டேன்.

"நீதாம்பா," என்றார்.

பிறகு சாவகாசமாக விளக்கினார். "அவன் பேரு விக்கி. பல்லாவரம் கிளப்பு அவனை ரிலீஸ் பண்ண மாட்டேன்னுது. உன் பேரு லிஸ்ட்ல சும்மாதானே கீது? அதான் எட்த்து அவனுக்குக் குட்த்துட்டேன். போட்டோகூட மாத்தி ஒட்டியாச்சு."

"எதிர் டீம் கேக்க மாட்டாங்களா?"

"இன்னாத்த கேப்பான்? துபாய்க்குப் போன ரெண்டு பேரு அவன் டீம்ல ஆடிகினு கீறாங்க."

சிரிப்பதா, சண்டை போடுவதா என்று தெரியவில்லை. இடைவேளையில் விக்கி வந்தான். இருபத்தாறு வயதிருக்கும், பார்சல் டெலிவரி வேலை. "அண்ணா, நீங்கதான் நெஜ பாஸ்கரா? நீங்க லெட்டர் வாங்கினா லிஸ்ட்ல உங்க பேரை அடிச்சிடுவாங்க, நான் காலிண்ணா. வாரம் பூரா மாடிப்படி ஏறி எறங்குறேன். எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு நாளுதான்." நான் யூர்கனிடம் சொல்ல நினைத்து, ஜெர்மன் வராமல் விழுங்கியதை இவன் அட்சரம் பிசகாமல் சொல்கிறான். நானாக இருப்பதற்கு என்னிடமே அனுமதி கேட்கிறான். "நல்லா ஆடு" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். ஏகாம்பரம் அண்ணன் ஏற்கெனவே கிளப் தாளில் இங்கிலீஷில் கடிதம் அடித்து, முத்திரை குத்தி வைத்திருந்தார். பாஸ்கர் என்பவர் எங்கள் கிளப்பில் எக்காலத்திலும் பதிவு செய்து ஆடியதில்லை. அவ்வளவுதான் கடிதம்.

"ஆடாதவனை எதுக்கு ரிலீஸ் பண்ணணும்? அங்க நீயும் ஆடு, இங்க அவனும் ஆடட்டும். உன் ஜெர்மனிக்காரன் இங்க வந்து லிஸ்ட்டைப் பாக்கவா போறான்?"

"அண்ணே, ஒன்பது வருஷம்ணே. உங்க டீமுக்காகத்தானே கால ஒடச்சிக்கினு கெடந்தேன்?"

"அது எனக்குத் தெரியும்பா," என்று கடிதத்தை மடித்து என் சட்டைப்பையில் வைத்தார். டீ வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

ஜெர்மனி திரும்பியதும் யூர்கன் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். ஓரத்தில் நான் எழுதியிருந்த 'ஒன்பது வருஷ'த்தைப் பேனாவால் காட்டினார். நண்பர்களோடு சும்மா ஆடியதைத் தப்பாக எழுதிவிட்டேன் என்றேன். "பரவாயில்லை, எல்லாரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்," என்று தட்டிக்கொடுத்து, 'முதல் கிளப்' என்ற இடத்தில் தன் ஃபெரைனின் பெயரை அழகாக எழுதினார்.

முதல் ஆட்டத்தில் என்னை மாற்று ஆட்டக்காரனாக பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஆட்டம் நடக்கும்போதே அண்ணனிடமிருந்து செய்தி வந்தது: 'செமி ஃபைனல் ஜெயிச்சாச்சு. ரெண்டு கோலும் உன் பேர்லதான்.' பக்கத்தில் இருந்தவன், "ஊரிலிருந்து நல்ல செய்தியா?" என்று கேட்டான். நான் இரண்டு கோல் போட்டிருக்கிறேன் என்று சொல்ல ஜெர்மன் வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. ஆம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். கடைசி விசில் ஊதும்வரை கோச் என்னைக் கூப்பிடவில்லை. ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.