பனியில் நட்ட பலகை

பீலெஃபெல்ட் நகரத்துச் சவக்காலைக்குள் கால் வைத்த முதல் தமிழ்ப் பெண் நான்தான். கல்யாண வீடுகளில் இதைச் சொல்லும்போது, என்னைக் கண்டதும் ஆவிகள் எழும்பி வணக்கம் வைத்தன என்றும் சேர்த்துக்கொள்வேன். அதில் உப்புக் கொஞ்சம் கூடத்தான். எழும்பி ஓடியது ஒரு முயல். ஆனால் முதல் பெண் என்பதில் கலப்படமே இல்லை.

போகட்டும், இது சிவசக்தியின் கதை.

எண்பத்தேழாம் ஆண்டு, தை மாதம். அகதிகள் விடுதியில் எனக்கு அடுத்த அறையில் அவளும் கணவன் தம்பித்துரையும். அவளுக்கு இருபத்திரண்டு வயது. துடக்குக் கழித்து ஆதிரை என்று பெயர் வைத்த பிள்ளை, அடுத்த கிழமையே காய்ச்சலில் போய்விட்டாள். பால்குடிப் பிள்ளையை நெருப்பில் வைப்பது எங்கள் வழக்கமில்லை, மண்ணில்தான் வைப்போம். பெண்கள் அங்கே போவதும் வழக்கமில்லை. ஆண்கள் பெட்டியோடு போனார்கள். அவர்கள் வந்து தலைமுழுகிச் சாப்பிட நான் சோறு வைத்தேன். சிவசக்தி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அறையில் கிடந்தாள்.

அன்று முழங்காலுக்குப் பனி. பிள்ளைகளின் வரிசையில் சின்னச் சின்ன மேடுகள், இரவும் கொட்டியதில் எல்லாம் ஒரே வெள்ளை. மறுநாள் தம்பித்துரை பெயர் எழுதிய பலகையை ஊன்றிவிட்டு வந்தார். பனி உருகியதும் பலகை விழுந்து கிடந்தது. "இதிலதான்" என்று திரும்பவும் ஊன்றினார். ஒருவருக்கும் ஐமிச்சம் வரவில்லை. அந்தப் பங்குனியில் வழக்கத்தை மீறி, சிவசக்தியைக் கையில் பிடித்துக் கூட்டிப்போனவள் நான். முயல் ஓடியது அப்போதுதான்.

அதன்பிறகு வருசம் தவறாமல் போனாள். பலகையடியில் விளக்கு வைத்துப் பால் தெளிப்பாள். மிஞ்சிய பாலைத் தண்ணீர்க் குழாயடியில் இருந்த பெயரில்லா மேட்டில் ஊற்றிவிட்டு வருவாள். சிக்கனம் தெரியாதவள் என்று நினைத்தேன். மற்றபடி எதிர்ப்பேச்சு அறியாதவள். கறியில் உப்பில்லை என்று தம்பித்துரை சொன்னால், தன் கையால் போட்ட உப்பையும் மறந்து "ஓம்" என்பாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பது வருசம் வேலை செய்தாள். மகன் பிருந்தனை ஆளாக்கினாள். தம்பித்துரை காலமாகியும் இப்போது நாலு வருசம்.

போன ஐப்பசியில் அந்த வரிசையைத் தோண்டினார்கள். அந்த வழியால் புதுத் தெரு வருகிறது. கல்லறைகளை மேட்டுப் பக்கம் மாற்ற வேண்டும். கண்டெடுத்தவை போகும். கண்டெடுக்காதவை தாரின் கீழே கிடக்கும்.

காலையில் சிவசக்தி, பிருந்தன், நான் மூன்று பேரும் போய் நின்றோம். பலகையடியில் தோண்டினார்கள். முழங்கால் ஆழம், இடுப்பு ஆழம், தோள் ஆழம். களிமண். வெறும் களிமண். மேற்பார்வை பார்த்த ஜேர்மன்காரர் குழிக்குள் இறங்கி, மண்ணைக் கையால் பிசைந்து பார்த்து, இந்த நிலத்தை முன்னர் யாரும் தொடவே இல்லை என்றார். பழைய வரைபடத்தில் வரிசை மட்டும்தான் இருந்தது. மற்றப் பிள்ளைகளின் இடத்தைக் கிளற அவருக்கு உரிமை இல்லை. இன்னும் ஒரேயொரு இடம் காட்டுங்கள், அதோடு சரி என்றார்.

பிருந்தனுக்கு முகம் வெளிறிவிட்டது. "பலகைக்கு இடப்பக்கமாச் சொல்லுறன். அப்பா கிட்டத்தட்டச் சரியாத்தான் வைச்சிருப்பார்."

"தண்ணிக் குழாயடியில தோண்டச் சொல்லு" என்றாள் சிவசக்தி.

"அம்மா, நீங்கள் அண்டைக்கு வரவேயில்லை. உங்களுக்கு என்ன தெரியும்?"

"சொல்லு."

"ஒரு இடம்தான் தருகினம். பிழைச்சால் ஆதிரை அக்கா றோட்டுக்குக் கீழதான். அப்பா தன்ர கையால வைச்ச இடத்தை விட்டுட்டு..."

"கொப்பர் சினோவுக்குள்ள நட்டவர். நிலத்தில நடேல்லை. அதுதான் விழுந்தது. அந்த மனுசன்ர மனம் நோகுமெண்டுதான் இவ்வளவு காலமும் வாய் திறக்கேல்லை." குரல் உயரவில்லை. "வேலிக்கு வெளியில நிண்டு பாத்தனான் பிருந்தன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப அறையில படுத்துக் கிடந்தது ஆரடி?"

"தலகாணி, டீச்சரக்கா."

பிருந்தன் பலகையைப் பார்த்தான். தகப்பனின் எழுத்து, மழையில் பாதி அழிந்தது. அம்மாவைப் பார்த்தான். பிறகு ஜேர்மன்காரரிடம் போய்க் குழாயடியைக் கைகாட்டினான்.

மண்வெட்டி இறங்கிய ஒவ்வொரு முறையும் நான் கண்ணை மூடினேன். சிவசக்தி கண்ணை மூடவில்லை. அதிகம் தோண்டமுன் மண்வெட்டி பிடித்த தொழிலாளி சட்டென்று நிறுத்தி முழந்தாளிட்டான். விரலால் மண்ணை நீக்கினான். உள்ளங்கையில் எடுத்து நீட்டினான்: கறுப்பு வளையல் இரண்டு. கண்ணூறு படாமல் கைக்குழந்தைக்குப் போடுவோமே, அது. என் மூன்று விரல் சேர்ந்து நுழையாது.

அதற்குக் கீழே, மெதுமெதுவாக, நிறம் மாறிய மண்ணும் பெட்டியின் ஒரு கீற்று மரமும் வந்தன. பிருந்தன் ஈரப் புல்லில் அப்படியே குந்திவிட்டான்.

புது இடத்தில் அதே பலகையைத்தான் ஊன்றினோம். ஊன்றமுன் பிருந்தன் சருகையெல்லாம் தள்ளி, நிலம்தானா என்று காலால் தட்டிப் பார்த்தான்.

பிள்ளையின் வளையலையும் பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருக்கிறாரே, தம்பித்துரை எவ்வளவு ஈரமுள்ள மனுசன் என்று இந்த இடத்தில் எழுதி, சிவசக்திக்கு வாசித்துக் காட்டினேன். அவள் என் சமையலறையில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள்.

"அதை வெட்டுங்கோ, அக்கா."

"எதை?"

"அவர் பெட்டிக்குள்ள ஒண்டும் வைக்கேல்லை. வேலிக்கு வெளியில நிண்டதெண்டது பிருந்தனுக்குச் சொன்னது. ஆம்பிளையள் போனாப்பிறகு உள்ள போய், கையால மண்ணைக் கிளறி நான்தான் வைச்சனான்." இன்னொரு காயை எடுத்தாள். "உங்கட முதல் வரியும் பிழை."