காது மடலைப் பிடிக்கிற பிடி

1. ஹெல்மெட்

திங்கட்கிழமை காலை, கிளினிக் கதவைத் திறந்ததும் உள்ளே வந்த முதல் ஆள் குமரவேல். மோட்டார் ஹெல்மெட்டைக் கழற்றி இரண்டு கையாலும் இடுப்புக்கு முன்னால் பிடித்திருந்தான். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்த பிறகும் ஹெல்மெட் மடியை விட்டு இறங்கவில்லை.

"அங்கிள், ஆம்பள டாக்டர் இருக்காரா?"

"டாக்டரம்மாதான். என்ன விஷயம்?"

"அப்ப நான் போறேன்லா."

எழுந்து கதவு வரைக்கும் போனான். திரும்பி வந்தான். குரலைத் தாழ்த்தி, "அங்கிள், அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். அத நிறுத்தணும். என்ன சொல்லி நிறுத்துறதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றான்.

மகன்களே, நீங்கள் இருவரும் முப்பதைத் தாண்டியவர்கள், கல்யாணம் ஆனவர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் சிறுநீர், ஆண்கள் பிரச்சினைகளைப் பார்க்கிற கிளினிக்கில் உங்கள் அப்பா உதவியாளராக இருந்தது உங்களுக்குத் தெரியும். அங்கே என்ன வேலை செய்தேன் என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சாப்பாட்டு மேசையில் சொல்கிற பேச்சு இல்லை அது. ஆனால் குமரவேல் பார்த்த வீடியோக்கள் உங்கள் போனிலும் வரும். அவனுடைய உண்மைப் பெயர் வேறு. "எழுதுங்க அங்கிள், நாலு பேருக்குப் பிரயோஜனமா இருக்கட்டும்" என்று அவனே சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

2. கப்பல் பிடி

குமரவேலுக்குப் பண்டமாரானில் வீடு. போர்ட் கிள்ளானில் லேஷிங் வேலை. கப்பலில் அடுக்கிய கண்டெய்னர்கள் கடலில் ஆடாமல் இருக்க, இரும்புக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டுகிற வேலை அது. கை இரண்டும் மரக்கட்டை மாதிரி இருக்கும். வயது முப்பத்து நான்கு. நல்ல பையன், வாய் மட்டும் ஓயாது.

கல்யாணம் நெருங்க நெருங்க, தன் உறுப்பின் நீளம் போதாது என்ற எண்ணம் அவனுக்குள் புகுந்துவிட்டது. வேலை இடத்துக் கேலிப் பேச்சு பாதி, போன் மீதி. முதலில் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கிற அட்டைப்பூச்சி எண்ணெயை வாங்கித் தேய்த்தான். எரிச்சல்தான் மிச்சம். பிறகு கையால் இழுக்கிற பயிற்சி வீடியோ ஒன்றைப் பார்த்து ஆரம்பித்தான்.

"எப்படி இழுத்த?" என்று கேட்டேன்.

"நல்லா இறுக்கிப் பிடிச்சு, ஆடாம, ஃபுல்லா."

"வலிக்கலையா?"

"வலிச்சுச்சு. அதுக்குத்தான் மரத்துப்போற கிரீம் வாங்கிப் போட்டேன். அப்புறம் எவ்ளோ இழுத்தாலும் ஒண்ணும் தெரியல."

வலி என்பது உடம்பு அடிக்கிற மணி. இவன் மணியின் வாயைக் கட்டிவிட்டு இழுத்திருக்கிறான். அதுவும் பாதி விறைத்த நிலையில். இப்போது பக்கவாட்டில் ஊதாவாகக் கன்றியிருந்தது. முனையில் உணர்ச்சி இல்லை. காலையில் எழும்பும் விறைப்பும் ஒரு வாரமாக இல்லை.

"முடிஞ்சுபோச்சு அங்கிள். அந்தப் பொண்ணு வாழ்க்கைய நான் ஏன் கெடுக்கணும்?"

ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு உள்ளேயே அழுதான். நான் டாக்டர் அறைக் கதவைத் தட்டினேன்.

3. டாக்டரம்மா சொன்னது

டாக்டரம்மா கெட்டிக்காரர், யாரையும் சங்கடப்படுத்த மாட்டார். இவன் திரைக்குப் பின்னால் நாங்கள் கட்டிக்கொள்ளக் கொடுத்த துணியை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, "தம்பி, காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் நான் பாக்கறது இதைத்தான். உங்களோடதுல ஸ்பெஷல் ஒண்ணும் இருக்காது. விடுங்க" என்றார். விட்டான்.

தடவிப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, நிதானமாகச் சொன்னார். உள்ளே கிழியவில்லை. தோலுக்குக் கீழே இரத்தம் கட்டியிருக்கிறது, நரம்பு நசுங்கி மரத்திருக்கிறது. கையை எடுத்துவிட்டால் ஆறிவிடும். விறைப்பு வராததற்குப் பாதிக் காரணம் பயம்.

"அப்ப சைஸு?"

"நார்மல். நீங்க மேலருந்து குனிஞ்சு பாக்கறீங்க, அதான் சின்னதாத் தெரியுது. இங்க வர்ற முக்கால்வாசிப் பேருக்கு இதே சந்தேகம்தான்."

எண்ணெய், கிரீம், இழுப்பது எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி அனுப்பினார். கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. வாசலில் நான் அவனைப் பிடித்து நிறுத்தினேன். "உங்கம்மாகிட்டப் போய் உளறாத. சொல்லணும்னா அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லு" என்றேன். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி என்னைப் பார்த்தான்.

4. மறுபடியும் வந்தான்

கன்றல் மறைந்தது. உணர்ச்சி திரும்பியது, காலை விறைப்பும் வந்தது. அவனுடைய வாயும் திரும்பியது. ஆனால் கடைசிச் செக்கப்பில் அவன் கேட்ட கேள்வியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"டாக்டர், இப்ப மறுபடி ஸ்டார்ட் பண்ணலாமா?"

டாக்டரம்மா கோபப்படவில்லை. உறுப்பு வளைந்துபோகிற நோய்க்கு நாங்களே சிலருக்கு இழுக்கும் பயிற்சி கொடுப்பதுண்டு. அந்த நோய் இல்லாதவர்களுக்கு அதனால் நீளம் கூடும் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை, மாதக்கணக்கில் செய்தாலும் கொஞ்சம் கூடலாம், கூடாமலும் போகலாம் என்று அவனிடம் நேராகவே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "வேணாம்னு சொன்னா வீடியோவப் பாத்துப் பண்ணுவாரு. அந்தோணி அங்கிள், நம்ம பேஷண்டுக்குச் சொல்லித் தர்ற மாதிரியே இவருக்கும் சொல்லிக் குடுங்க" என்றார்.

சொல்லிக்கொடுத்தேன். உங்களுக்கும் அதையே எழுதுகிறேன்.

முதலில், சர்க்கரை நோய் உள்ளவர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ஏற்கெனவே வளைவோ கட்டியோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து, சில நிமிடம் சுற்றி வைக்க வேண்டும். சூடு அந்த அளவுக்குத்தான், மருந்து எண்ணெய் ஆகாது. உறுப்பு முழுக்கத் தளர்ந்திருக்க வேண்டும். விறைப்பு வந்தால் கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். முனையிலுள்ள மொட்டுப் பகுதியைப் பிடிக்காதீர்கள். அதற்குச் சற்றுக் கீழே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் வளையம் போல் பிடித்து, நேராக முன்னால் மெல்ல இழுக்க வேண்டும். இழுபடுகிறது என்று தெரிந்ததும் அங்கேயே நிறுத்தி, அரை நிமிடம் போலப் பிடித்து, விட்டுவிட வேண்டும். இரத்தம் ஓட நேரம் கொடுத்து, பிறகு கீழே, இடது, வலது. மொத்தமே சில நிமிடம்தான். இடையிடையே முழு நாள் ஓய்வு. எடை கட்டித் தொங்கவிடுவது, கயிறோ வளையமோ போட்டு இறுக்குவது, மரத்துப்போகிற கிரீம் தடவுவது எதுவும் ஆகாது. வலித்தாலும், நிறம் மாறினாலும், சில்லிட்டாலும், மரத்தாலும், சிவப்புப் புள்ளி வந்தாலும் நிறுத்திவிட வேண்டும். விறைத்திருக்கும்போது படக்கென்று சத்தம் கேட்டு வீங்கினால், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் கிடக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எல்லாம் கேட்டுக்கொண்டான். ஆனால் எவ்வளவு பலம் என்பதுதான் அவன் கைக்குப் புரியவில்லை. சும்மா காட்டு என்று என் சுண்டுவிரலை நீட்டினேன். பிடித்து இழுத்தான் பாருங்கள், அம்மா என்று கத்திவிட்டேன்.

"மெதுவாத்தான் இழுத்தேன் அங்கிள்!"

"டேய், இது கப்பல் இல்லடா!"

கம்பி ஆடாமல் நிற்கும் வரை முறுக்கிப் பழகிய கை. அதற்கு மெல்ல என்ற சொல் தெரியாது. வேறு வழியில் யோசித்தேன்.

"பிள்ளையார் கோயில்ல தோப்புக்கரணம் போடுவல்ல? போடு."

"இங்கயா?"

"போடுடா."

கைகளை மாற்றிக் காது மடல்களைப் பிடித்து, ட்ரீட்மெண்ட் ரூமில் உட்கார்ந்து எழுந்தான்.

"நில்லு. காத எவ்ளோ பலமாப் பிடிச்சிருக்க?"

யோசித்தான். "நழுவாத அளவுக்கு. வலிக்கல."

"அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு பொட்டு கூடாது."

காதை விடாமலே என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "அங்கிள், நீங்க சர்ச் ஆளு. பிள்ளையார வெச்சு இதச் சொல்லித் தர்றீங்க. ரெண்டு பக்கமும் பாவம்லா."

அதற்குப் பிறகு அந்தப் பிடியை வைத்தே எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தேன். கோயிலுக்குப் போகாதவர்களுக்கும் காது இருக்கிறதே.

5. கிள்ளான் கல்யாணம்

கல்யாணம் நிற்கவில்லை. பத்திரிகை கொடுக்க அவனே கிளினிக்குக்கு வந்தான்.

"பொண்ணுகிட்டச் சொன்னியா?"

"சொல்லிட்டேன் அங்கிள். பத்துமலை முருகன் கோயிலுக்குப் போனப்ப, பாதிப் படியில உக்கார வெச்சுச் சொன்னேன். அவளுக்கு மூச்சு வாங்குது, எந்திரிச்சு ஓட மாட்டாங்கிற தைரியம்."

"என்ன சொல்லிச்சு?"

"ரொம்ப நேரம் சிரிச்சா. அப்புறம், இனிமே ஏதாவது பயம்னா போன்கிட்டக் கேக்காத, எங்கிட்டக் கேளுன்னா. ஏற்கெனவே உனக்கு வாய் நீளம், அது போதும்னா."

"பயிற்சி நடக்குதா?"

"எப்பவாச்சும். அளக்கறத விட்டுட்டேன்."

கிள்ளானில் கோயில் மண்டபத்தில் கல்யாணம். உங்கள் அம்மாவும் நானும் போயிருந்தோம். மாப்பிள்ளைக்கு நான் எப்படிப் பழக்கம் என்று அம்மா கேட்டதற்கு, பேஷண்ட் என்று மட்டும் சொன்னேன். மேடை ஏறும் முன்பு மாப்பிள்ளையைப் பிள்ளையார் சன்னிதிக்கு அழைத்துப்போனார்கள். பட்டு வேட்டி, மாலையோடு காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டான். எழுந்து திரும்பும்போது கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டான். ஒரு காதை மட்டும் விடாமல், மடலை மெல்ல ஒரு தரம் இழுத்துக் காட்டினான்.

நான் தலையாட்டினேன். பலம் சரியாக இருந்தது.