டாரினுக்குத் தெரியாத காப்பீடு

லோர்னா வாண்டஹே விஸ்கான்சினில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். எந்தப் பனியிலும் வண்டியைப் பள்ளத்தில் இறக்காத கை. வாய்தான் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது. மகன் டாரின் அவளோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய்க் கூரை போடும் வேலையில் சேர்ந்தான். அங்கே இருபத்தாறு வயது வரை பிள்ளையைப் பெற்றோர் தங்கள் மருத்துவக் காப்பீட்டில் வைத்துக்கொள்ளலாம்; லோர்னா தன் காப்பீட்டை அரசாங்கச் சந்தையில் வாங்கியிருந்தாள். இன்னும் அந்த வயது ஆகாத அவன் பெயரை அவள் அதிலிருந்து நீக்கவில்லை. மாதாமாதம் பணம் கட்டினாள். அவனிடம் சொல்லவும் இல்லை. வந்து கேட்கட்டுமே என்று இருந்துவிட்டாள்.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, மீன் வறுவல் சாப்பிட அவள் கிளம்பும்போது அவனே வந்து நின்றான்.

"என் வரிக் கணக்கை வரி ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்கம்மா. அரசாங்க இன்சூரன்ஸ் சந்தையில எனக்குக் காப்பீடு இருக்காம், அந்தப் படிவத்தைச் சேர்க்கலையாம். எவனோ என் பேர்ல திருட்டு வேலை பண்ணியிருக்கான்!"

"எவனோ இல்லடா, நான்தான் உன்னை என் காப்பீட்டுல விடாம வச்சிருக்கேன். படிவம் என் பேருக்குத்தான் வரும்."

அவன் திட்டுவான் என்று நினைத்தாள். அவனோ அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தான். முகம் சுருங்கியது.

"என்னடா அது? சட்டையைத் தூக்கு."

மருந்துக்கடையில் வாங்கி இறுக்கிக் கட்டியிருந்த வயிற்றுப் பட்டைக்கு அடியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு.

"குடலிறக்கம்மா. போன வருஷம் மான் வேட்டை சமயத்துல வந்துது. ஆபரேஷன்னா என் டிரக்கை வித்தாலும் பத்தாதேன்னு, இறுக்கிக் கட்டிக்கிட்டு ஏறினேன்."

அவள் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருக்க, இவன் இதைக் கட்டிக்கொண்டு கூரை ஏறியிருக்கிறான்.

"காப்பீடு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லம்மா?"

"நீ ஒரு போன் போட்டிருக்கலாம்ல?" லோர்னாவின் வாய் முந்திக்கொண்டது.

காப்பீட்டுப் படிவத்தில் உள்ள கட்டணத் தொகையை எப்படிப் பங்கு போடுவது என்று தாயும் மகனும் ஒத்துக்கொண்டு, இருவர் வரிக் கணக்கிலும் அப்படியே எழுத வேண்டும்.

"முழுசும் என் கணக்கிலேயே இருக்கட்டும்," என்றாள்.

"என் பங்கை நான்தான் எழுதுவேன். நீ ஒண்ணும் எனக்குப் பிச்சை போட வேணாம்."

"எழுதிக்கோ, மகராசா. முதல்ல டாக்டருக்குப் போன் போடு. அதுக்கப்புறம்தான் படிவம்."

அவன் பெயர் போட்ட காப்பீட்டு அட்டையை எடுத்து வந்து நீட்டினாள். அவன் தொலைபேசியில் எண்ணைப் படித்தான். மறுமுனையில் சரிபார்க்கும் வரை அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா... டாரின் வாண்டஹே. நான்தான்," என்றான், தன் பெயரையே நம்பாதவன் போல. "திங்கக்கிழமை டாக்டரைப் பார்க்கலாமா? காப்பீடு இருக்கா? நிஜமாவே இருக்கா?"

லோர்னா வெளியே போகப் போட்டிருந்த குளிர் கோட்டைக்கூடக் கழற்றாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.