தொட்டித் தண்ணீரில் ஒரு புயல்

அவர் லிஃப்ட் மெக்கானிக். படப்பிடிப்பு நிலையத்தில் கேமரா கிரேன் பாதியில் நின்றுபோனதென்று சரிசெய்யப் போனவரை, அங்கேயே பிடித்துப் போட்டுக்கொண்டார்கள். மழை வேண்டுமா, பாலம் இடிய வேண்டுமா, கப்பல் மூழ்க வேண்டுமா, "லிஃப்ட்காரரைக் கூப்பிடு!" என்பார்கள். அப்படியொரு வேலையை அங்கே அதுவரை யாரும் செய்ததில்லை.

அவர் மனைவிக்குச் சாயப் பட்டறையில் வேலை. ஒருநாள் மனுஷர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"வானமே இடிஞ்சு ஊர்மேல இறங்குற மாதிரி புயல் வேணுமாம் இயக்குநருக்கு. புகை விட்டுப் பார்த்தேன். அடுப்புப் புகை மாதிரியே இருக்கு."

"புகையை விடுங்க. சாயம் தண்ணில விழுறப்ப பார்த்திருக்கீங்களா? சுருண்டு சுருண்டு மேகமாட்டம் இறங்கும்."

அவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆளுயரக் கண்ணாடித் தொட்டி செய்து தண்ணீர் நிரப்பினார். ஊற்றிய வெள்ளை பெயின்ட் நேரே அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டார். பிறகு பாதித் தொட்டிக்கு உப்புத் தண்ணீரும், அதன்மேல் கலங்காமல் நல்ல தண்ணீரும் நிரப்பினார். இந்த முறை பெயின்ட் உப்புத் தண்ணீரின் தலையில் தட்டி நின்று, பக்கவாட்டில் பொங்கிப் பரவியது. பின்னால் விளக்கை மினுக்கினார். மின்னல்! திரையில் மெதுவாகப் புரளும்படி கேமராவை வேகமாக ஓட்டிப் படம் பிடித்தார்.

படம் வெளியான அன்று இருவரும் தியேட்டரில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஊர் கிடந்தது. அதன்மேல் மேகம் மலைமலையாகப் புரண்டு இறங்கியது. முன்வரிசையில் ஒரு தாய் குழந்தையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். உப்பு மூட்டை எத்தனை, பெயின்ட் எந்தக் கடையில் வாங்கியது என்பதுவரை தெரிந்தவள் அவர் மனைவி. அவளே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்குங்க."

"எனக்கும்தான்," என்றார் அவர்.

படம் முடிந்து கூட்டம் வாசலுக்கு வந்தது. வெளியே பளீரென்று வெயில். அப்படியும் முன்னால் போனவர்கள் படியிலேயே நின்று, ஒருவர்பின் ஒருவராக வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் தெருவில் கால் வைத்தார்கள்.

அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் எரிமலை, பூகம்பம், கடல்கோள் என்று அவர் செய்யாத அழிவில்லை. எதையும் முதலில் அவளுக்குத்தான் போட்டுக் காட்டுவார். திரையைப் பார்க்காமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.