மாடியறை வெட்டுக்கிளி

ஏ.எஸ்.ராவ் நகரில் என் மகன் வீட்டு மாடியறையில் ஒருவர் குடியிருந்தார். அந்தத் தெலுங்கு ஊரில் அவரும் தமிழ்க்காரர், பூச்சி ஆராய்ச்சி செய்கிறவர். ஒடிசலான உடம்பு. சட்டையில் எப்போதும் புல் ஒட்டியிருக்கும். படியேறும்போது செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார். அவர் அறையில், வலைப்பெட்டிக்குள், மலைப் புல்வெளி வெட்டுக்கிளி ஒரு ஜோடி இருந்தது. ஆண் கத்தினால்தான் பெண் கிட்டே வருமாம். சத்தம் கேட்டால் ஆண் வாயை மூடிக்கொள்ளுமாம். அதனால் நானும் மாடியில் துணியை உதறாமலே காயப்போடுவேன்.

"அந்த மலையில புல்லை அழிச்சுத் தேயிலை போட்டுட்டாங்கம்மா. மிச்சமிருக்கிற புல்லுல விடணும்னா இதுங்க முதல்ல பெருகணும்" என்றார் ஒருநாள். எனக்கு அதிகம் பேச வராது. தலையாட்டினேன்.

மே மாதத்தில் ஒருநாள் காலையில் போன கரண்ட் சாயங்காலம்தான் வந்தது. மலைக் குளிர் வேண்டுமென்று அதுகளுக்காகப் போட்டிருந்த ஏசி நின்றுவிட்டது. பெட்டியைச் சுற்றி ஈரத்துணி கட்டிப் பார்த்தோம். பெண் செத்துப்போனது. முட்டையே வைக்கவில்லை.

மறுநாள் துணி காயப்போடப் போனேன். ஆண் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அவர் செருப்புக் காலோடு தடதடவென்று பெட்டியிடம் போனார். சத்தம் நின்றது.

"என்ன தம்பி, செருப்போட நடக்கறீங்க?"

"இனிமே அது யாரைம்மா கூப்பிடும்? சத்தம் போட்டா கொஞ்சநேரமாவது சும்மா இருக்கும்."

அவர் நகர்ந்தார். அது மறுபடி ஆரம்பித்தது.

கையிலிருந்த ஈரப்புடவையைப் பட்டென்று உதறினேன். அடங்கியது. அவர் என்னைப் பார்த்தார். மிச்சத் துணியையும் ஒவ்வொன்றாக உதறிப் போட்டேன்.