மொட்டைத் தலையோடு வந்த கதாநாயகன்

கல்லூரியில் நான் படித்தது வேதியியல். செய்தது நாடகம். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் செஞ்சியில் யாரும் சும்மா விட மாட்டார்கள். நடிக்கிறதென்றால் கெமிஸ்ட்ரி எதற்கு எடுத்தாய் என்று எங்கள் துறைத் தலைவர் கேட்டார். அதையே டவுன் பஸ் கண்டக்டர் கேட்டார், ஜெராக்ஸ் கடைக்காரர் கேட்டார், ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு சாம்பார் ஊற்றியவரும் கேட்டார். கிரிக்கெட் ஆடுகிற பையனிடம் போய், பந்து போடுவதற்கு எதற்கு பி.காம். என்று ஒருவரும் கேட்டதில்லை. நாடகத்துக்கென்று எங்கள் கல்லூரியில் பாடப்பிரிவே கிடையாது என்று விளக்கினால், அப்படியென்றால் அது தேவையில்லாத விஷயம்தானே என்று முடித்துவிடுவார்கள். அதற்கு மேல் பேசினால் எனக்குத்தான் தலைவலி.

தேவைதான் என்று ஒத்துக்கொண்ட சிலருக்கும் ராஜா நாடகம்தான் வேண்டும். இவ்வளவு பெரிய கோட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறென்ன நாடகம் என்பார்கள். ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் அட்டைக் கிரீடம், அட்டை வாள், குதிரைக்குப் பதிலாக ஒரு பையன் கனைப்பான். ராஜா சாவதற்கே கால் மணி நேரம் ஆகும். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். இறுதியாண்டில் விழுப்புரத்தில் கல்லூரிகளுக்கு இடையே நாடகப் போட்டி வந்தபோது, இந்த முறை ராஜா கிடையாது, நான் எழுதுகிறேன் என்று சண்டை போட்டு வாங்கினேன்.

நான் எழுதியது எங்கள் தெருவில் நடந்த விஷயம். ஒருவர் செத்துப்போனார். சென்னையில் வேலை பார்த்த மகன் வந்தான், அழுதான், எல்லாம் செய்தான், ஆனால் மொட்டை மட்டும் அடித்துக்கொள்ள மாட்டேன் என்று சுடுகாட்டில் நின்றுவிட்டான். பங்காளிகள் சட்டையைப் பிடிக்க, பிணம் வெயிலில் காத்திருந்தது. எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அதனால் இதெல்லாம் எனக்குக் காதில் விழுந்த சேதிதான். உச்சக்காட்சியே நான் கண்ணால் பார்க்காத இடத்தில் நடந்தது. ஒத்திகையில் பையன்கள் என்னைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். பாடையை அந்தப் பக்கம் வைக்கக் கூடாது, இந்தப் பக்கம் திருப்ப வேண்டும், உனக்கென்ன தெரியும் என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றுவேன்.

வீட்டில் நைனா, அதாவது அப்பா, ஒரு நிபந்தனையோடு அனுமதி கொடுத்திருந்தார். எழுதலாம், சொல்லிக் கொடுக்கலாம், மேடையில் மட்டும் ஏறக் கூடாது. எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. எவனாவது போனில் எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிடுவான் என்று அவருக்கு பயம். எனக்கோ நடிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. எழுத வந்ததே அதற்குப் பக்கத்திலாவது இருக்கலாமே என்றுதான். படிப்பு முடிந்துவிட்டால் அதுவும் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவரிடம் கெஞ்சிப் பார்த்தேன், சாப்பிடாமல் இருந்தும் பார்த்தேன். அம்மாதான் சோற்றைப் பிசைந்து வாயில் திணித்தாள்.

ஒத்திகை சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நடக்கும். எங்கள் குழுவில் எல்லாரும் ஆளுக்கொரு துறை, எல்லாரும் வெளியூர். டவுன் பஸ் ஹாரன் கேட்டால் பிணம் முதலில் எழுந்து ஓடும். பங்காளியாக நடித்தவன் கணிதம் படிப்பவன், வசனத்தை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பான். பிணத்துக்குப் போர்த்த வெள்ளைத் துணி இல்லாமல் என் லேப் கோட்டைத்தான் போர்த்தினோம். அதிலிருந்த கறைகளைப் பார்த்து, இவர் என்ன ஆசிட் குடித்துச் செத்தாரா என்று ஒருவன் கேட்டான். உருப்படியாக நடித்தவன் கதாநாயகன் ஒருவன்தான். வணிகவியல் இரண்டாம் ஆண்டு, என்னை அக்கா என்று கூப்பிடுவான். நெற்றியில் புரளும் முடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவன் மறுக்கிற அந்தக் காட்சியில் நானே கையிலிருக்கும் வசனத் தாளைப் பார்க்க மறந்துவிடுவேன்.

போட்டிக்கு முதல் நாள் அமாவாசை. அமாவாசை என்றால் எங்கள் பஸ்களையெல்லாம் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு ஸ்பெஷலாகத் திருப்பிவிடுவார்கள். அன்றைக்கு ஒத்திகை கிடையாது என்பது பேசாமலே எல்லாருக்கும் தெரியும். மறுநாள் காலை செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கூடினோம். கதாநாயகன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தான். சளி பிடித்திருக்கிறதோ என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து சிரித்துக்கொண்டே துண்டை அவிழ்த்தான். பளபளவென்று மொட்டை, அதன் மேல் காய்ந்த சந்தனம்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பரீட்சையில் அவனுக்கு ஓர் அரியர் இருந்ததாம். அது பாஸானால் அங்காளம்மனுக்கு மொட்டை என்று அவன் அம்மா வேண்டிக்கொண்டிருந்தாராம். பாஸாகிவிட்டான். அம்மனுக்குச் சொன்னதைத் தள்ளிப்போட அந்த அம்மா சம்மதிப்பாரா?

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேடா," என்றேன்.

"மொட்ட அடிக்கிற சீன் இருக்குதேக்கா. நெஜமாவே அடிச்சிட்டா இன்னும் ஒரிஜினலா இருக்கும்னு நெனச்சேன்."

மாதக்கணக்கில் இவன் பேசிய வசனம் முழுவதும் மொட்டை அடித்துக்கொள்ள மாட்டேன் என்பதுதான். இத்தனை நாள் என்னதான் புரிந்துகொண்டு பேசினான் என்று தெரியவில்லை. பொதுஇடம் என்பதால் அடிக்கவில்லை. நாடகத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடலாம் என்றான் கணிதக்காரன். போய்விட்டால் துறைத் தலைவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நினைத்தேன். பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களால் பஸ் நிறைந்திருந்தது. பாதித் தலைகள் மொட்டை. என் ஆள் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக நின்றுகொண்டு, யாரோ கொடுத்த பொரியைத் தின்றான். கம்பியைப் பிடித்துத் தொங்கியபடியே யோசித்தேன். மகன் ஏற்கெனவே மொட்டை அடித்துவிட்டான் என்றால் மறுக்க அவனிடம் ஒன்றும் இல்லை. அப்படியானால் வேறு யாராவது எதையாவது கேட்க வேண்டும். யார் கேட்பது? எங்கள் வீட்டில் நானும் அக்காவும்தான், ஆண் பிள்ளை இல்லை. உனக்குக் கொள்ளி வைக்க ஆள் இல்லையே என்று நைனாவிடம் சொந்தக்காரர்கள் விசேஷ வீட்டில் வைத்தே சொல்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே வெற்றிலையை மடிப்பார். அது நினைவுக்கு வந்ததும் கதை கிடைத்துவிட்டது. அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மகள் சுடுகாட்டுக்கு வந்து கொள்ளிக்குடத்தைக் கேட்கிறாள். அந்தப் பஸ்ஸில் எங்கள் குழுவில் இருந்த ஒரே பெண் நான்.

இறங்குவதற்குள் எல்லாருக்கும் புதுக் காட்சியைச் சொல்லிவிட்டேன். நைனாவுக்கு மட்டும் போன் செய்யவில்லை. செய்தால் வேண்டாம் என்பார், நானும் கேட்டுத் தொலைப்பேன்.

மேடையில் ஏறினேன். சுடுகாட்டுக்குள் அப்போதுதான் முதல் தடவையாகக் காலை வைக்கிறேன் என்றே இருந்தது. கணிதக்காரன் வழியை மறித்து, பொம்பள இங்க வரக் கூடாது என்று, அன்றைக்குப் பார்த்து அற்புதமாகப் பேசினான். பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த வசனம் எனக்கு மறந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"படுக்கையில கெடந்தவருக்குப் பீ மூத்திரம் அள்ளுனப்பவும் நான் பொம்பளதான சித்தப்பா. அப்ப யாரும் வழிய மறிக்கலியே."

மொட்டைத் தலையன் தன் தோளிலிருந்த குடத்தை இறக்கி என் தோளில் வைத்தான். அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது.

சிறந்த நடிகர் பரிசை அவனுக்குத்தான் கொடுத்தார்கள். ஒரு கல்லூரி நாடகத்துக்காகத் தன் தலைமுடியையே கொடுத்த இந்த மாணவனின் அர்ப்பணிப்பு என்று நடுவர் தழுதழுத்தார். இவனும் கோப்பையை வாங்கிக்கொண்டு, எல்லாம் அம்மன் புண்ணியம் என்றான். நாடகத்தைப் பற்றிப் பேசும்போது, எல்லாமே இயல்பாக இருந்தது, ஆனால் பெண் சுடுகாட்டுக்கு வருவது மட்டும் நம் வழக்கத்தில் இல்லாததால் ஒட்டவில்லை என்றார் அதே நடுவர். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கொள்ளிக்குடத்தை அவர் தலையில் உடைத்திருப்பேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் தனி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவன் ஜன்னலோரம் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினான்.

தூங்குவதற்கு முன் இன்னொரு காரியமும் செய்திருக்கிறான். நாடகத்தின் வீடியோவை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டான். அது யார் யார் போனுக்கோ போய், மறுநாள் சாயங்காலம் பால் சொசைட்டியில் கேனோடு நின்றிருந்த நைனாவிடம், இது உன் மக தானே என்று ஒருவர் காட்டியிருக்கிறார். நைனா வீட்டுக்கு வந்தார். கேனை வைத்துவிட்டு, அந்தப் படத்தை முழுசாகப் போடு என்றார். இனி படிப்பே நிறுத்தம்தான் என்று நினைத்துக்கொண்டே போட்டுக் கொடுத்தேன். முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். முடிந்ததும் மறுபடியும் போடச் சொன்னார். திட்டினாலும் பரவாயில்லை, சீக்கிரம் திட்டித் தொலைத்தால் போதும் என்றிருந்தது.

போனை என்னிடம் நீட்டினார். மேடையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நான் போற அன்னிக்கும் இந்த மாதிரி வருவியா?"

விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு இது என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். ஒரு பெண்ணைச் சுடுகாட்டில் கொண்டுபோய் நிறுத்தினால் ஊர் காறித் துப்பாதா என்றாள். நைனா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வருவேன் என்றேன். குரல் வெளியே வரவில்லை.

"சத்தமா சொல்லு," என்றார். "உங்க அம்மாளுக்கும் கேக்கட்டும்."