நான்கு புள்ளி எடுத்த நாங்கள் இருவர்

எஸ்.டி.பி.எம். தேர்வில் எனக்கும் என் தோழிக்கும் ஒரே முடிவுதான் வந்தது. எல்லாப் பாடத்திலும் ஏ, சராசரி நான்கு புள்ளி. அதற்கு மேல் எடுக்க அந்தத் தேர்வில் இடம் கிடையாது. ஆறாம் படிவத்தின் முடிவில் எழுதும் தேர்வு அது. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குள் போக எங்களுக்கு இருந்த வழியும் அதுதான். தனியார் கல்லூரியில் மருத்துவம் படிப்பதைப் பற்றி எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் பேசியதுகூட இல்லை.

என் வீடு செபராங் ஜெயாவில். அவள் வீடு பட்டர்வொர்த்தில். இரண்டு பேரும் காலையில் ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுனுக்குப் போய்ப் படித்தோம். மேல்தளத்தில் காற்று தாளைப் பிடுங்காத ஒரு மூலை இருந்தது. அங்கே உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி கேள்வி கேட்டுக்கொள்வோம். அவளுக்கு வேதியியல் சுலபமாக வரும், எனக்கு உயிரியல். ஒருத்திக்குப் புரியாததை மற்றவள் சொல்லிக் கொடுத்துத்தான் இரண்டு பேரும் அந்த நான்கு புள்ளிக்கு வந்து சேர்ந்தோம்.

முடிவு வந்த வாரமே எங்கள் புளோக்கில் எனக்கு 'டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். லிஃப்டில் ஏறினால், "டாக்டரம்மா, எந்த மாடி?" என்று சிரிப்பார்கள். பாயான் பாருவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை செய்த அம்மா, கம்பெனி பஸ்ஸில் கூட வரும் பெண்களிடம் சொல்லிவிட்டிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பா யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் யாராவது கேட்டால் பேச்சைச் சீக்கிரம் முடிக்க விட மாட்டார்.

மருத்துவத்துக்குப் புள்ளி மட்டும் போதாது, நேர்முகத் தேர்வும் உண்டு. எங்கள் இரண்டு பேரையும் கோலாலம்பூருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தோழியின் அப்பா பள்ளி வேன் ஓட்டுகிறவர், லீவு போட முடியாது. அதனால் என் அப்பாவே இரண்டு பேரையும் ரயிலில் கூட்டிக்கொண்டு போனார். அவளுடைய அம்மா மூன்று பேருக்கும் புளிச்சாதம் கட்டிக் கொடுத்திருந்தார். வழி முழுக்க நான் அதிகாரியாக அவளைக் கேள்வி கேட்டேன், பிறகு அவள் என்னைக் கேட்டாள். ஈப்போ தாண்டியதும் அப்பா, "போதும்லா, கொஞ்சம் தூங்குங்க," என்றார். நாங்கள் தூங்கவில்லை.

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கோபமாக வரும் நோயாளியிடம் எப்படிப் பேசுவாய் என்று கேட்டார்கள். வீட்டில் யாருக்காவது நோய் இருக்கிறதா என்றும் கேட்டார்கள். நான் மலாயில் தடங்கலில்லாமல்தான் பதில் சொன்னேன். வெளியே வந்து அவளைப் பார்த்தபோது, "எப்படிடி?" என்றாள். "ஓகேதான். உனக்கு?" "எனக்கும் ஓகேதான்." 

பல்கலைக்கழக இடம் அறிவிக்கும் வரை சும்மா இருக்க வேண்டாமென்று, லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்திருந்தோம். அறிவிப்பு வரும் நாளில் கடைக்கார அக்கா எங்களைப் பின்பக்கம் துணி மூட்டைகள் இருக்கும் அறைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இணையம் மெதுவாக இருந்தது. அவளுடைய கைப்பேசியில் முதலில் திறந்தது. மருத்துவம், கோலாலம்பூர். அவள் கத்தவில்லை. என் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு என்னுடையது திறந்தது. மீன் வளர்ப்பு. திரங்கானு. விண்ணப்பத்தில் நான் வரிசைப்படுத்திக் கொடுத்த படிப்புகளில் அது இல்லவே இல்லை.

"வேற யாரோடதோ வந்துருக்கு. ஐ.சி. நம்பர் திரும்பப் போட்டுப் பாரு," என்றாள்.

அடையாள அட்டை எண்ணைப் போட்டேன். மறுபடியும் அதுவே வந்தது. அவள் என் கையை விட்டாள். விட்டதை உணர்ந்து மீண்டும் பிடிக்க வந்தாள். அதற்குள் அக்கா கதவைத் திறந்து, "என்னா பிள்ளைங்களா, டாக்டரா?" என்றார். தோழி என்னைப் பார்த்தாள். நான்தான், "அவளுக்குக் கிடைச்சிருச்சு அக்கா," என்றேன். அக்கா இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அம்மா அழுதார். அப்பா அழவில்லை. "கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பு. ராயுவான் போடலாம்," என்றார். ராயுவான் என்றால் மேல்முறையீடு. எங்கள் வீட்டில் அடுத்த சில வாரங்கள் சாப்பாடு என்ற சொல்லைவிட அந்தச் சொல்தான் அதிகம் கேட்டது. ஏன் கிடைக்கவில்லை என்று எந்த இடத்திலும் எழுதியிருக்கவில்லை. அதனால் காரணத்தை நானே தேட ஆரம்பித்தேன். கோபமான நோயாளியைப் பற்றிச் சொன்ன பதிலில் ஒரு இடத்தில் நின்றேனே, அதுவா? புறப்பாட நடவடிக்கையில் அவள் பூப்பந்தில் மாவட்ட அளவுக்குப் போனாள், நான் பள்ளி அளவோடு நின்றேன், அதுவா? நான் உடுத்தியிருந்த பாஜு குரோங் கொஞ்சம் பழையதோ? இப்படி எதையெல்லாமோ. அப்பாவுக்கு வேறு காரணம் தோன்றியது, அம்மாவுக்கு இன்னொன்று. அண்டை வீட்டில் ஒருவர், நம் இனப் பிள்ளைகளுக்கு எப்போதும் இப்படித்தான் என்றார். அப்படியென்றால் என் தோழிக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்று அப்பா கேட்டார்.

அப்பா என்னை ஓர் அரசியல்வாதியின் சேவை மையத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே வேலை செய்த ஒரு அண்ணன் பொறுமையாகக் கேட்டார். என் சான்றிதழ்களைப் புரட்டினார். பிறகு, "இதே புள்ளி எடுத்து இடம் கிடைச்ச வேற பிள்ளை யாரையாச்சும் தெரியுமா?" என்றார்.

"தெரியும். இவ கூட்டாளிதான்," என்றார் அப்பா.

"அந்தப் பிள்ளையோட ரிசல்ட் வாங்கிட்டு வாங்கண்ணே. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுனா கேஸ் ஸ்ட்ராங்கா இருக்கும். பேப்பர்லயும் போடலாம்."

"வேணாம்பா," என்றேன். அப்பா என் பக்கம் திரும்பவில்லை.

திரும்பி வரும்போது, காடியை ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னேன், அவளிடம் நான் கேட்க மாட்டேன் என்று. "நீ கேக்காதே. நான் அவ அப்பாகிட்ட பேசிக்கிறேன். ஒரு தாளைக் காட்டுறதுல அவங்களுக்கு என்னா நஷ்டம்?" என்றார். அன்று மாலையே பேசினார். தோழியின் அப்பா சரி என்றுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் மறுநாள் அவளுடைய அம்மா என் அம்மாவைக் கூப்பிட்டார். கைப்பேசியின் குரல் சமையலறை முழுக்கக் கேட்டது.

"எங்க பிள்ளை பேரை எதுக்கு இதுல இழுக்குறீங்க? ரெண்டையும் ஒப்பிட்டுப் பாத்துட்டு இவளுக்கும் இல்லன்னு சொல்லிட்டா நாங்க என்னா பண்றது? கஷ்டப்பட்டுக் கிடைச்சது அக்கா."

"எங்க பிள்ளையும் கஷ்டப்பட்டுதான் படிச்சா," என்றார் அம்மா.  பிறகு இணைப்பு துண்டிக்கப்பட்டது. எங்களுக்குப் புளிச்சாதம் கட்டிக் கொடுத்த அம்மா அவர். அவர் மேல் கோபப்பட என்னால் முடியவில்லை. அவர் இடத்தில் என் அம்மா இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்.

இரண்டு நாள் கழித்துத் தோழி எங்கள் புளோக்குக்குக் கீழே வந்து நின்றாள். கையில் அவளுடைய முடிவின் நகல்.

"அம்மாவுக்குத் தெரியாது. எடுத்துக்கோ," என்றாள்.

"வேணாம்டி."

"எடுத்துக்கோ. நான் போறதும் எனக்குப் பிடிக்கல, நீ இங்க இருக்கிறதும் பிடிக்கல. எனக்கு வேற என்னா செய்யறதுன்னு தெரியல."

நான் வாங்கவில்லை. பெருந்தன்மையால் என்று சொல்ல மாட்டேன். அதை வாங்கினால் இனி அவளை என் தோழியாகப் பார்க்க முடியாது, என் பக்கத்தில் வைத்து அளக்கப்படும் ஒருத்தியாகத்தான் பார்ப்பேன் என்று பயந்தேன். வாங்காமலும் அப்படித்தான் ஆனது. அவள் கோலாலம்பூர் கிளம்பிய நாளில் பட்டர்வொர்த் ஸ்டேஷனுக்குப் போனேன். அவளுடைய அம்மா என்னிடம், "சாப்டியாம்மா?" என்றார். "சாப்டேன் ஆன்ட்டி," என்றேன். எங்களுக்குள் பேச அவ்வளவுதான் இருந்தது.

அப்பா என் சான்றிதழ்களை மட்டும் வைத்து ராயுவான் போட்டார். இணையத்தில் ஒரே வரியில் பதில் வந்தது: வெற்றி பெறவில்லை. அப்பா அதை வாய்க்குள் படித்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அன்று அவருக்கு வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். 

நான் திரங்கானுவுக்குப் போனேன். முதல் வருடம் வகுப்பில் யாரிடமும் என் புள்ளியைச் சொல்லவில்லை. சொன்னால், பிறகு ஏன் இங்கே வந்தாய் என்று கேட்பார்கள். பிறகு மெல்லப் பழகியது. இறாலுக்கு வரும் நோய்களைப் பற்றிய பாடம் எனக்குப் பிடித்தது, நன்றாகவும் செய்தேன். இப்போது நிபோங் திபால் பக்கம் ஒரு இறால் பண்ணையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. குளத்து நீரைச் சோதிக்கிறேன், நுண்ணோக்கியில் பார்க்கிறேன், எந்தக் குளத்தை மூட வேண்டும் என்று சொல்கிறேன். பல நாட்கள் அந்த வேலை எனக்குத் திருப்தியாகவே இருக்கிறது. "பாத்தியா, எல்லாம் நல்லதுக்குத்தான்," என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போது மட்டும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். நன்றாக இருக்கிறேன் என்பது உண்மைதான். அதனால் அன்று நடந்தது சரியென்று ஆகிவிடாது.

தோழி இப்போது ஜொகூரில் ஒரு மருத்துவமனையில் டாக்டராக இருக்கிறாள். தீபாவளிக்குச் செய்தி அனுப்புவாள், நானும் அனுப்புவேன். டூட்டி அதிகம், ஒப்பந்த வேலை, அடுத்து எங்கே போடுவார்கள் என்று தெரியவில்லை என்று ஒருமுறை எழுதியிருந்தாள். என்ன பதில் எழுதுவது என்று வெகுநேரம் யோசித்து, உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் அனுப்பினேன்.

என் தங்கை என்னைவிடப் பல வயது சின்னவள். மேல்முறையீடு நடந்த வாரங்களில் அவள் தொடக்கப்பள்ளியில் இருந்தாள். எல்லோரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டு மேசைக்குக் கீழே உட்கார்ந்து படம் வரைவாள். அவளும் ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வை எழுதினாள். பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். ஆசிரியர்கள் ஆறாம் படிவத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். அவள் யாரையும் கேட்காமல், பக்கத்தில் ஒரு கல்லூரியில் கணக்கியல் டிப்ளோமாவுக்குப் பதிந்துகொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவளிடம் பேசிப் பார்த்தேன். "உனக்கு உயிரியல்ல எவ்வளவு வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். சின்னதுல இருந்து உனக்கு என்னா ஆசைன்னும் தெரியும்," என்றேன்.

"ஆசை இருக்கு அக்கா."

"அப்புறம் ஏன்?"

"நீ எல்லாத்துலயும் ஏ எடுத்த. அதுக்கு மேல என்னாத்த எடுக்கிறது?"

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குக் கேள்வி கேட்பதுபோலத்தான் கேட்டாள். நான் அப்பாவைப் பார்த்தேன். ராயுவானுக்காக அத்தனை படி ஏறி இறங்கியவர், இவளுக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். அவ்வளவுதான்.

"ஒரு தடவ முயற்சி பண்ணிப் பாக்கலாமே. எல்லாருக்கும் அப்படி நடக்காது," என்றேன்.

"நடக்காதுன்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, தன்னுடைய துணிகளை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். அடுத்த மாதம் வகுப்பு தொடங்கியது. முதல் நாள் நான்தான் காடியில் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது, "போய்ட்டு வரேன் அக்கா," என்று சிரித்தாள். வாசலில் அவளைப்போலப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கூட்டமாக நின்றிருந்தார்கள். அவள் அந்தக் கூட்டத்துக்குள் போய்க் கலந்து மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். வண்டியை எடுத்தேன்.